மூன்றாம் ஓலை

டீக்காரர் வாசலில் கேனை இறக்கியதும் யூனிட்டில் இருந்த பெண்கள் எல்லாரும் எழுந்தார்கள். ஸ்வீட்லின் மட்டும் எழவில்லை. மடித்துக்கொண்டிருந்த காஸ் துணியின் ஓரத்தை விரலால் நீவியபடி உட்கார்ந்திருந்தாள். உளுந்த வடை வாசனை பஞ்சுத் தூசியையும் பிளீச்சிங் நெடியையும் தாண்டி வந்து மூக்கில் நின்றது. காலையில் பாதி இட்லியோடு பஸ்ஸுக்கு ஓடிவந்தவள். வயிறு காந்தியது.

சத்திரப்பட்டி ரோட்டில் இருக்கிற அந்த யூனிட்டில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணிதான் வேலை. தறியிலிருந்து வந்து வெளுத்துக் காய்ந்த துணியை வெட்டி, மடித்து, உறையில் போட்டு, கடைசியில் ஸ்டீம் பெட்டிக்குள் ஏற்றி எடுக்க வேண்டும். ஸ்வீட்லின் மடிப்பில் இருந்தாள். அவள் அம்மா ஏசம்மாள் ஸ்டீம் பெட்டியில். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது புருவத்திலும் காதுமடலிலும் பஞ்சு படிந்து, அங்கே வேலை பார்க்கும் குமரிகள்கூட நரைத்துப்போய்த்தான் வெளியே வருவார்கள்.

"ஏட்டி, ஒரு வடையாவது தின்னு. காத்துல பறந்துறப் போற," என்றாள் பக்கத்துப் பாயில் இருக்கும் முனீஸ்வரி.

ஸ்வீட்லின் தலையை ஆட்டினாள். வடை தின்ன வேண்டுமென்றால் பல்லில் மாட்டியிருக்கும் தட்டைக் கழற்ற வேண்டும். தின்றபின் பல் தேய்த்து, தட்டையும் கழுவித் திரும்ப மாட்ட வேண்டும். யூனிட்டில் இருப்பது ஒரே குழாய். டீ நேரம் முடிவதற்குள் அதில் யாருக்கும் இரண்டாவது முறை இடம் கிடைக்காது. மாட்டியபடியே டீ குடிக்கலாமென்றால், சூட்டில் வளைந்துபோகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"மாப்ள வீட்டுக்காரவிய இவ வாய்க்குப் பூட்டுப் போட்டு, சாவிய ஸ்ரீவில்லிபுத்தூர்ல வச்சிருக்காவ," என்று முனீஸ்வரி மற்றவர்களிடம் சொன்னாள்.

எல்லாரும் சிரித்தார்கள். ஸ்வீட்லினும் சிரித்தாள். சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போனது. போனதை உணர்ந்ததும் சிரிப்பு நின்று எரிச்சல் வந்தது. போன வருஷம் வரைக்கும் அந்தக் கைக்கு அப்படி ஒரு பழக்கம் கிடையாது.

அவளுக்கு மேல்வரிசையில் இடப்பக்கம் ஒரு தெத்துப்பல். பக்கத்துப் பல்லின்மேல் பாதி ஏறி, எட்டிப் பார்ப்பதுபோல் நிற்கும். அப்பா தேவஇரக்கத்துக்கும் அதே இடத்தில் அதே பல். மில்லில் அவரோடு ஷிப்ட் பார்க்கிறவர்கள் அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே, இது யார் மகள் என்று கேட்க வேண்டியதில்லை, சிரிக்கச் சொன்னால் போதும் என்பார்கள். அவரும் உடனே தன் பல்லைக் காட்டிச் சிரிப்பார்.

கிளாட்வின் அவளிடம் முதலில் பார்த்ததும் அந்தப் பல்லைத்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் மருந்து மொத்தக் கடையில் வேலை பார்க்கிறவன். சரக்கு எடுக்க யூனிட்டுக்கு வந்த இடத்தில், பஞ்சுப் பொதி சரிந்து அவன் தலை முழுக்க வெள்ளையாகிவிட்டது. பெண்கள் எல்லாரும் அடக்கிக்கொண்டு சிரிக்க, இவள் மட்டும் அடக்கவில்லை. அடுத்த வாரமும் வந்தான். எடுக்க வேண்டிய சரக்கே இல்லாத வாரத்திலும் வந்தான். கடைசியில் அக்காவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்தான். ஒரு நாள் போனில், "நீ சிரிச்சா அந்தப் பல்லு மட்டும் முன்னாடி வந்து என்னை வாங்கன்னு கூப்பிடுது," என்று சொன்னான். அன்றைக்கெல்லாம் அவள் மடித்த துணி ஒன்றுகூட நேராக இல்லை.

அவனுடைய அக்கா எலினா ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அம்மா இறந்தபின் தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். அந்த வீட்டில் எலினா சொன்னதுதான் சமையல், எலினா சொன்னதுதான் ஜெபம். பெண் பார்க்க வந்த அன்று எல்லாம் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, காபி டம்ளரைக் கீழே வைக்கும்போது அதைச் சொன்னாள். பல் மட்டும் கொஞ்சம் சரி பண்ணிவிட்டால் அம்சமாக இருக்கும். இப்போது கம்பியெல்லாம் கட்டுவதில்லை. கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தட்டு வந்திருக்கிறது. மாட்டினால் வெளியே தெரியாது, வேண்டும்போது கழற்றிக்கொள்ளலாம். செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அந்தக் கடைசி வார்த்தைதான் ஸ்வீட்லினுக்குச் சுருக்கென்றது. கிளாட்வினைப் பார்த்தாள். அவன் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நிச்சயதார்த்தத்தில் போட்டோ எடுக்கும்போது அப்பா வழக்கம்போல் வாய் நிறையச் சிரித்தார். எலினா மெதுவாக அவர் பக்கம் குனிந்து, "மாமா, உதட்டைச் செத்த மூடிக்கிடுங்க, படம் நல்லா விழும்," என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அப்பாவும் மரியாதையாக மூடிக்கொண்டார். அன்றிலிருந்து யாராவது வேடிக்கையாக ஏதாவது சொன்னால் அவர் தோள் துண்டின் நுனியை வாய்க்குக் கொண்டுபோக ஆரம்பித்தார். ஸ்வீட்லின் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

தட்டுகள் உறை உறையாக ஒரு பெட்டியில் வந்தன. ஒவ்வொன்றும் பல்லை முடியளவு தள்ளும். கொஞ்ச நாள் கழித்து அடுத்ததை மாட்ட வேண்டும். புதுத் தட்டு மாட்டும் நாளெல்லாம் தாடை விண்விண்ணென்று தெறிக்கும். தோசையைக்கூடப் பிய்த்து ரசத்தில் ஊறவைத்துத்தான் விழுங்குவாள். பேச்சில் ஒரு வழவழப்பு ஏறிக்கொண்டது. கோவிலில் பாடகர் குழுவில் பாடும்போது மட்டும் கழற்றி டப்பாவில் வைத்துவிடுவாள். அந்த ஒரு மணி நேரம் வாய் அவளுடையதாக இருக்கும்.

அப்படியே போயிருந்தால் கல்யாணத்துக்குள் பல் ஓரளவு இறங்கியிருக்கும். குறுக்கே வந்தது ஏசம்மாளின் சுத்தம்.

ஏசம்மாள் வருஷக்கணக்காக ஸ்டீம் பெட்டிக்கு முன்னால் நிற்கிறவள். ஆவியில் போகாத துணி ஒரு மனுஷன் புண்மேல் படக்கூடாது என்பது அவளுக்குப் பைபிளுக்கு அடுத்த வேதம். மகள் வாய்க்குள் ராத்திரி பகலாகக் கிடக்கிற பொருள், எந்த ஊரில் எவன் கை பட்டு வந்ததோ, வெறும் குழாய்த் தண்ணீரில் கழுவினால் போதுமா? ஒரு லீவு நாளில் பெட்டியில் மிச்சமிருந்த உறைகள் எல்லாவற்றையும் பிரித்தாள். வெள்ளைத் துணி விரித்து இட்லிக் கொப்பரையில் தட்டுகளை அடுக்கி, மூடிமேல் அம்மிக்குழவியைத் தூக்கிவைத்து, ஆவி காட்டினாள். திறந்தபோது எல்லாம் அப்பளம்போல் சுருண்டு கிடந்தன.

மகள் வந்து பார்த்து அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஏசம்மாள் சுருண்ட ஒன்றைக் கையில் பிடித்து நிமிர்த்திப் பார்த்தாள். "கட்டுத்துணி தாங்குது, கத்தரிக்கோல் தாங்குது. இதுக்கு இம்புட்டு ரோசமாட்டி?" என்றாள். பிறகுதான் அழுதாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் பக்கத்திலிருந்த கிளினிக்கில் டாக்டர் முதலில் சிரித்தார். அதன் பிறகு, மறுபடி அளவெடுத்து, வெளியூரிலிருந்து புதிதாகச் செய்து வர வேண்டும், கல்யாணத்துக்குள் பல் வரிசைக்கு வராது என்றார். எலினா போனில் ஏசம்மாளைக் கேட்ட கேள்விகளை ஏசம்மாள் யாரிடமும் சொல்லவில்லை. "படிக்காத சனங்ககிட்ட ஒரு பொருளைக் குடுத்தா" என்ற பாதி வாக்கியம் மட்டும் ஸ்வீட்லின் காதில் விழுந்தது. மறுநாள் எலினாவே திரும்பக் கூப்பிட்டு, சரி விடுங்கள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்று யாரும் கேட்கவில்லை.

ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். கல்யாணத்துக்கு முந்தின மூன்று ஞாயிறுகளில் இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் என்று குருவானவர் இரண்டு ஊர்ச் சபையிலும் வாசிப்பார். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்டு, கொஞ்சம் நிறுத்துவார். யாரும் எதுவும் சொல்வதில்லை. மூன்றாம் ஓலையும் வாசித்துவிட்டால் கல்யாணம் உறுதி. அந்த ஞாயிறுகளில் பெண் கோவிலுக்குப் போவதில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இருப்பாள். முதல் இரண்டு ஓலையும் அப்படித்தான் முடிந்தன. மூன்றாவதற்கு முந்தின நாள் சனிக்கிழமை, புதுத் தட்டு வந்துவிட்டதென்று கிளினிக்கிலிருந்து போன் வந்தது. ஸ்வீட்லின் அரைநாள் வேலை முடித்து, பஞ்சு மார்க்கெட் ஸ்டாப்பில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினாள்.

ஆவணி பிறந்தும் காற்று அடங்கவில்லை. மலையில் மேகம் இறங்கி, பஸ் கண்ணாடியில் சாரல் பொட்டுப் பொட்டாகக் குத்தியது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழைந்து பஸ் மெதுவாகத் திரும்பியபோது கிளாட்வின் வீடு இருக்கிற வேதக்கோவில் தெருமுனையில் அந்த ஃப்ளெக்ஸைப் பார்த்தாள். மாடி உயரத்துக்குக் கட்டியிருந்தார்கள். கிளாட்வின் கோட்டுப் போட்டுச் சிரித்தான். பக்கத்தில் அவளுடைய நீலப் பட்டு, அவளுடைய நெற்றி, அவளுடைய கண். வாய் மட்டும் யாருடையதோ. பளிச்சென்று, பீங்கான் கடையில் அடுக்கிவைத்த மாதிரி நேர்வரிசையாகப் பற்கள்.

இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தாள். முதலில் சிரிப்புதான் வந்தது. வியாழக்கிழமை கல்யாணத்துக்கு இவள் வந்து இறங்கும்போது சனங்கள் இந்தப் படத்தையும் இவளையும் மாறி மாறிப் பார்க்கப் போகிறார்கள். பார்க்கட்டும் என்றுகூட நினைத்தாள்.

அப்புறம் கீழே பார்த்தாள். இரு வீட்டாரின் படங்கள் வட்ட வட்டமாக இருந்தன. தேவஇரக்கம் என்று பெயர் போட்டு, அப்பா. உதட்டை மூடுவதற்கு முன்னால் எடுத்த படம். வாய் நிறையச் சிரிக்கிறார். அவர் வாயிலும் அதே பீங்கான் வரிசை.

யூனிட் பையைத் திறந்து துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தவள், கட்டியிருந்த கயிறு எட்டாமல் கீழே ஓரத்தைப் பிடித்து வெட்டத் தொடங்கினாள். கெட்டியான ஃப்ளெக்ஸ், மெல்லிய காஸுக்கான கத்தரிக்கோல். வழுக்கியது. அப்பாவின் வட்டத்தை மட்டும் வளைத்து வெட்டி எடுத்துக்கொண்டிருக்கும்போது, தெருவில் யாரோ சொல்லி எலினா ஓடி வந்தாள். பின்னாலேயே கிளாட்வின்.

"ஸ்வீட்லின், என்ன செய்யுத நீ? தெருவே பாக்குது."

"பாக்கத்தான கட்டியிருக்கீங்க, மதினி."

"பல்லு முடியலன்னு நாந்தான் சரி பண்ணச் சொன்னேன். உனக்காகத்தான் சொன்னேன். எங்க சபையில நாலு பேர் நாலு விதமாப் பேசுவாக. என்னைப் பொண்ணு பாக்க வந்தவன் கறுப்புன்னு முகத்துக்கு நேராச் சொல்லிட்டுப் போனான். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். உனக்கு அது வேண்டாம்னு நெனச்சேன்."

அவள் சொன்னதில் பொய் இல்லை என்பது ஸ்வீட்லினுக்குத் தெரிந்தது. அதுதான் கோபத்தை இன்னும் ஏற்றியது.

"அவன் வாசல்ல நின்னு சொன்னான். நீங்க மாடி உயரத்துக்குக் கட்டிச் சொல்லுதீங்க. எங்கப்பா உங்களுக்கு என்ன செஞ்சாக? அவுகளுக்கா கல்யாணம்?"

"ஃப்ளெக்ஸ் கடைக்காரன் அவனாச் செஞ்சது அது. ஒரே மாதிரி இருக்கட்டும்னு செஞ்சிட்டான்."

"நீங்க பாத்துட்டுத்தான கட்டுனீங்க?"

ஸ்வீட்லின் கிளாட்வின் பக்கம் திரும்பினாள். அவன் நெற்றியில் சாரல் நீர் வழிந்தது. துடைத்துக்கொண்டே, "வீட்டுக்குள்ள வந்து பேசுவோம் ஸ்வீட்டி," என்றான்.

"இங்கதான் பேசணும். இது நானா, சொல்லுங்க."

அவன் படத்தைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். பெண் பார்க்க வந்த அன்று காலண்டரைப் பார்த்தானே, அதே பார்வை.

"நாளைக்கு மூணாவது ஓலை," என்றாள் அவள். "காலையில இது இங்க தொங்குச்சுன்னா, தடை இருக்கான்னு ஐயா கேக்கும்போது நான் எந்திரிச்சிருவேன். வெளையாட்டுக்குச் சொல்லல."

டாக்டரிடம் போகவில்லை. அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினாள்.

வீட்டில் அப்பா ஷிப்ட் முடிந்து குளித்துவிட்டு, கடலையை உரித்துக்கொண்டிருந்தார். ஏசம்மாள் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தாள். ஸ்வீட்லின் நடந்ததைச் சொன்னாள். ஏசம்மாள் கரண்டியோடு வந்து தலையில் அடித்துக்கொண்டாள். அஞ்சு நாளில் கல்யாணம், பந்தலுக்குச் சொல்லியாயிற்று, ஒரு படத்துக்காகவா, எல்லாம் நான் அவித்த அவியலால் வந்தது என்று புலம்பினாள். அப்பா மகள் கையிலிருந்த வட்டத்தை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் பாப்பா இருக்கு," என்றார். "நான் இப்படி இருந்திருந்தா உனக்கும் இந்தப் பாடு இருந்திருக்காதுல்லா?"

அதைக் கேட்டபோதுதான் ஸ்வீட்லினுக்கு முடிவாயிற்று. அதுவரை மிரட்டல்தான்.

பொழுது சாயும்போது கிளாட்வின் போன் செய்தான். அக்கா அழுதுகொண்டே இருக்கிறாள், சாப்பிடவில்லை, இப்போது போய்க் கழற்றினால் தெருவே சிரிக்கும் என்றான். "வியாழக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோ. பொறவு நீ சொல்லுறதுதான்."

"பொறவு என்ன சொல்லுறது? பல்லெல்லாம் வரிசையா வந்த பொறவா?" என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் பாடகர் குழுவின் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு கிளம்பினாள். அம்மா வாசலில் குறுக்கே நின்றாள். அப்பா அவளை விலக்கவில்லை. தானும் சட்டையை மாட்டிக்கொண்டு மகள் பக்கத்தில் வந்து நின்றார். ஏசம்மாள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் பைபிளை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

ஓலை நாளில் பெண் வந்திருப்பதைப் பார்த்ததும் பெஞ்சு பெஞ்சாகக் குசுகுசுப்பு ஓடியது. வெட்கம் கெட்ட பிள்ளை என்று யாரோ வேடிக்கையாகச் சொன்னார்கள். ஸ்வீட்லின் முதல் வரிசையில் நின்று பாடினாள். பாட்டு முடிந்து எல்லாரும் உட்கார்ந்தபின் குருவானவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, பெயர்களை வாசித்தார். இவர்களுடைய விவாகத்துக்கு நியாயமான தடை எதையாவது அறிந்தவர்கள் இப்போதே தெரிவிக்கலாம் என்று சொல்லி, வழக்கப்படி நிறுத்தினார். மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது.

அவள் எழுந்தாள்.

"தடை இருக்குய்யா."

குருவானவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "யாருக்கும்மா?"

"எனக்குத்தான். அவுக கட்டிக்கிடப் போற பொண்ணு நான் இல்ல. படத்துல வேற ஆள் இருக்கு."

பின்பெஞ்சில் அப்பா எழுந்து நிற்பதைப் பார்த்தாள். அவள் உட்காரும் வரைக்கும் நின்றார், அவ்வளவுதான். குருவானவர் தாளை மடித்து அங்கிக்குள் வைத்துக்கொண்டு, ஆராதனை முடிந்ததும் வந்து பாரும்மா என்றார். அவள் போய்ப் பார்த்தபோது கோபித்துக்கொள்ளவில்லை. ஓலை நின்றது நின்றதுதான், இரண்டு வீட்டாரும் மனசு ஒத்து வந்தால் மறுபடி முதலிலிருந்து வாசிக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்.

மத்தியானம் சாரல் மழையாகப் பிடித்தது. ஏசம்மாள் மகளோடு பேசுவதில்லை என்று முடிவு பண்ணிக்கொண்டு, பேசாமலே அவளுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பை வைத்திருந்தாள். அடுப்பங்கரைத் தகரக் கூரை ஒழுகி, மூன்று இடத்தில் பாத்திரம் வைத்திருந்தார்கள். அப்போது வாசலில் பைக் நின்றது. கிளாட்வின் தொப்பலாக நனைந்திருந்தான். பின்சீட்டில் சுருட்டிக் கட்டிய ஃப்ளெக்ஸ்.

"கழத்திட்டேன்," என்றான்.

"எப்ப?" என்று கேட்டாள் ஸ்வீட்லின்.

அவன் பொய் சொல்லவில்லை. "இங்க நீ எந்திரிச்சேன்னு போன் வந்த பொறவு."

"நேத்து நான் தெருவுல நின்னு கேட்டேன்ல. அப்ப கழத்தியிருக்கணும்."

"அக்காட்டச் சொல்லிட்டேன் ஸ்வீட்டி. மொத தடவையா அவகிட்டச் சத்தம் போட்டேன். மறுபடி ஓலை குடுப்போம்."

"உங்கக்காட்டச் சத்தம் போடச் சொல்லி நான் கேக்கல. பொண்ணு பாக்க வந்தன்னைக்கு, எனக்கு இந்தப் பல்லுதான் பிடிச்சிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்கப்பா துண்டால வாயை மூடியிருக்க மாட்டாக. அம்மா ஆவி காட்டியிருக்க மாட்டா. இப்ப வந்து நனையுறீங்க." மூச்சு வாங்கியது அவளுக்கு. "ஓலை குடுக்கிறதா வேண்டாமான்னு எனக்குத் தெரியல. கோவம் தீரட்டும். தீருதான்னு பாக்கணும்."

அவன் தலையாட்டினான். போகவுமில்லை, உள்ளே வரவுமில்லை.

ஏசம்மாள் அதுவரை பைக்கின் பின்சீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கிப் போய்ச் சுருளைத் தொட்டுப் பார்த்தாள். "கெட்டியாத்தான் இருக்கு. கிழிஞ்ச எடத்தை மடிச்சுவிட்டா அடுப்பங்கரைக் கூரைக்குக் காணும். ஏ ராசா, செத்த ஏறிப் பிடி," என்றாள்.

தேவஇரக்கம் ஒரு பக்கம் ஏணியில் ஏற, கிளாட்வின் மறுபக்கம் சுவரில் ஏறினான். விரித்தபோது அந்தப் பெரிய முகம் மழையில் பல் மின்ன வானத்தைப் பார்த்துச் சிரித்தது.

"கவுத்திப் போடுங்க," என்றாள் ஸ்வீட்லின் கீழேயிருந்து.

கவிழ்த்துப் போட்டார்கள். காற்று தூக்க, கிளாட்வின் அதன்மேல் குப்புறப் படுத்துப் பிடித்துக்கொண்டான். கல் எடுத்துக் கொடுக்கச் சொல்லிக் கத்தினான். தலையெல்லாம் பாசியும் சகதியும். அதைப் பார்த்த தேவஇரக்கத்துக்குச் சிரிப்பு வந்தது. துண்டை எடுக்க இரண்டு கையும் ஏணியில் இருந்ததால், வந்த சிரிப்பு வந்தபடியே வெளியே வந்தது.

ஸ்வீட்லின் சிரிக்கவில்லை. கல்லை எடுத்து, அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். பிறகு உள்ளே போய், ஒழுகாத ஓரமாக உட்கார்ந்து, தட்டு நிறையச் சோறு போட்டு, கருவாட்டை முள்ளோடு மென்று தின்னத் தொடங்கினாள்.